மோவாப் பாலைவனத்தில் பாறை அடுக்குகளையும் டைனோசர் தடங்களையும் வாசிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், கொலராடோ ஆற்றங்கரையில் இருக்கிறது மோவாப் என்ற சிறிய ஊர். அதைச் சுற்றி ஐம்பது மைலுக்குள் 30 கோடி ஆண்டு வரலாறு அடுக்கடுக்காகத் திறந்து கிடக்கிறது. ஆண்டுக்கு 10 அங்குல மழைகூடப் பெய்யாத நிலம் என்பதால் புல்லும் மண்ணும் எதையும் மூடி மறைப்பதில்லை. பூமியின் உட்புறத்தை வெறும் கண்ணால் பார்க்க இதைவிட வசதியான இடம் அரிது.

இங்கே டைனோசர் தடம் தேடி வருபவர்களில் பலர், "நாலு பள்ளம்தான் இருந்தது" என்று ஏமாந்து திரும்புகிறார்கள். இதற்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று, எந்தப் பாறை அடுக்கின்மேல் நிற்கிறோம் என்று தெரியாமல் தேடுவது. இன்னொன்று, உச்சி வெயிலில் போய்ப் பார்ப்பது. இரண்டையும் எளிதில் சரிசெய்துவிடலாம். அடுக்கை முதலில் படியுங்கள், தடத்தைப் பிறகு பாருங்கள். இந்த வழிகாட்டியும் அதே வரிசையில்தான் போகிறது.

புறப்படும் முன்

மார்ச் கடைசி முதல் மே வரையும், செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் வரையும் சிறந்த காலம். கோடையில் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது சாதாரணம். ஜூலை முதல் செப்டம்பர் வரை பிற்பகல்களில் இடிமழை வரும். தலைக்கு மேல் வானம் தெளிவாக இருக்கும்போதே, பத்து மைலுக்கு அப்பால் பெய்த மழை குறுகிய பள்ளத்தாக்கில் வெள்ளமாகப் பாய்ந்து வரலாம்.

ஒருவருக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் தண்ணீர் வேண்டும். காரில் இருந்தால் போதாது, நடக்கும்போது கையில் இருக்க வேண்டும். ஆர்ச்சஸ் தேசியப் பூங்காவுக்குள் உணவகமோ பெட்ரோல் பங்கோ கிடையாது. பெரும்பாலான தடப் பகுதிகளில் கைப்பேசி சிக்னலும் இருக்காது, அதனால் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆர்ச்சஸ், கேன்யன்லேண்ட்ஸ் ஆகிய இரண்டுக்கும் தனித்தனி நுழைவுக் கட்டணம். ஒரு காருக்கு 30 டாலர், ஏழு நாள் செல்லும். கட்டண விதிகள் மாறக்கூடியவை. ஆர்ச்சஸில் 2022 முதல் சில பருவங்களில் நேரம் குறித்த முன்பதிவும் கேட்டிருக்கிறார்கள். ஆகவே கிளம்பும் வாரத்தில் பூங்காவின் இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பையில் இவை இருக்கட்டும்: 10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், 3 மீட்டர் டேப், 10 செ.மீ. அளவுகோல், பக்கவாட்டில் பிடிக்க ஒரு டார்ச், திசைகாட்டி, பென்சில், கோடு போடாத நோட்டு. சுத்தியல் வேண்டாம். பூங்காக்களில் பாறையைத் தட்டுவது சட்டப்படி குற்றம். மற்ற இடங்களிலும், இந்த வழிகாட்டியில் உள்ள எதற்கும் சுத்தியல் தேவைப்படாது.

அடுக்குகள்: கீழிருந்து மேலே

பழையது கீழே, புதியது மேலே. மோவாபைப் புரிந்துகொள்ள இந்த ஒரு விதியோடு பத்துப் பன்னிரண்டு பெயர்கள் போதும்.

எல்லாவற்றுக்கும் அடியில் கிடப்பது பாரடாக்ஸ் உப்பு. 30 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கிருந்த ஒரு உள்கடல் திரும்பத் திரும்ப வற்றி, ஆயிரக்கணக்கான அடி தடிமனுக்கு உப்பை விட்டுச் சென்றது. மேற்பரப்பில் இதைப் பார்ப்பது அரிது. ஆனால் இந்த வட்டாரத்தின் பல பள்ளத்தாக்குகளையும் பாறை வளைவுகளையும் ஆட்டி வைத்தது இதுதான். எப்படி என்பதைப் பிறகு பார்ப்போம்.

அதற்கு மேல் கட்லர் தொகுதி, செந்நிறமும் வெண்மையும் கலந்த மணற்பாறைகள். அதில் ஒயிட் ரிம் என்ற வெளிறிய அடுக்கு, கேன்யன்லேண்ட்ஸில் திண்ணை போல நீண்டு கிடக்கும். அதன்மேல் மோயன்கோபி, சாக்லேட் நிறத்தில் மெல்லிய தகடுகளாக இருக்கும். தகடுகளின் மேற்பரப்பில் அலைவரிகளும், காய்ந்த சேற்றின் வெடிப்புகளும் அப்படியே உறைந்திருக்கும். அடுத்தது சின்லி, ஊதாவும் சாம்பலும் பச்சையுமாகக் கலந்த சேற்றுக்கல் சரிவு. கல்லாகிப்போன மரங்களும் யுரேனியமும் இதில் உண்டு. 1950களில் மோவாபைச் செல்வம் கொழிக்கும் ஊராக்கிய யுரேனிய வேட்டைக்கு, சார்லி ஸ்டீன் 1952இல் சின்லி அடுக்கில் கண்ட தாதுதான் பெரும் உந்துதல்.

சின்லிக்கு மேலே செங்குத்தாக எழும் சிவப்புச் சுவர் வின்கேட். ஏறத்தாழ 20 கோடி ஆண்டுப் பழைய மணல்மேடுகள் அவை. சுவரின்மேல் கறுப்பும் பழுப்புமாக வழியும் பட்டைகளைப் பார்த்துப் பாறையே கறுப்பு என்று எண்ணிவிடாதீர்கள். மாங்கனீசும் இரும்பும் களிமண்ணும் சேர்ந்து, மிக மெல்லிய பூச்சாகப் படிந்த பாலைவன மெருகு அது. வின்கேட்டின் தலையில் படிக்கட்டு போல உடைந்து நிற்பது கயென்டா, ஆறுகள் கொண்டுவந்த மணல். அதன்மேல் உருண்டு திரண்ட வெளிர்நிறக் குன்றுகளாகத் தெரிவது நவஹோ, மறுபடியும் மணல்மேடுகள். சுமார் 19 கோடி ஆண்டுகளுக்கு முன் இன்றைய சகாராவை நினைவூட்டும் மணற்கடல் ஒன்று இங்கே பரந்து கிடந்தது.

அதற்கும் மேலே என்ட்ராடா. ஆர்ச்சஸின் புகழ்பெற்ற வளைவுகளில் பெரும்பாலானவை இந்தச் செம்மணற்பாறையில் உருவானவை. பிறகு மாரிசன், சுமார் 15 கோடி ஆண்டு. பச்சையும் ஊதாவும் சாம்பலுமான மென்மையான மேடுகள், இடையிடையே ஆற்றுமணல் பட்டைகள். அதன்மேல், டைனோசர்களின் கடைசிக் காலகட்டமான கிரெட்டேசியஸின் தொடக்கத்தைச் சேர்ந்த சீடார் மவுன்டன். கடைசியாக மான்கோஸ், எதுவும் முளைக்காத சாம்பல்நிறக் கடற்சேறு.

இனி இந்த வரிசையில் டைனோசரைப் பொருத்திப் பாருங்கள். கட்லருக்கும் மோயன்கோபிக்கும் டைனோசரைத் தேடிப் போகாதீர்கள், அவை டைனோசர்களுக்கு முந்தியவை. வின்கேட், கயென்டா, நவஹோ, என்ட்ராடாவில் தடங்கள் கிடைக்கும், எலும்பு அபூர்வம். மாரிசனிலும் சீடார் மவுன்டனிலும் எலும்பும் உண்டு, தடமும் உண்டு. மான்கோஸில் சிப்பிகளும் கடலுயிர்களும்தான்.

ஏன் இந்த வேறுபாடு? மணல்மேட்டுப் பாலைவனத்தில் செத்த விலங்கின் உடல் வெயிலிலும் காற்றிலும் கிடந்து சிதைந்துவிடும். மேடுகளுக்கு நடுவே தேங்கிய ஈரக் குட்டைகளின் கரையில் பதிந்த காலடி மட்டும் அடுத்த மணலால் மூடப்பட்டுத் தப்பும். மாரிசன் காலத்தில் இங்கே ஆறுகள் ஓடின. வெள்ளம் பிணங்களை அடித்துச் சென்று, ஆற்று வளைவுகளில் குவித்து, சேற்றால் மூடியது. எலும்பு நிலைக்க வேகமாகப் புதைய வேண்டும். அதைச் செய்தவை ஆறுகள்தான்.

முதல் பயிற்சி: கிராண்ட் வியூ பாயின்ட்

மேலே படித்ததை நிலத்தில் சரிபார்க்க, கேன்யன்லேண்ட்ஸ் பூங்காவின் 'ஐலண்ட் இன் த ஸ்கை' பகுதிக்கு முதலில் போங்கள். மோவாபிலிருந்து சுமார் 32 மைல். பலரும் ஆர்ச்சஸில் தொடங்குகிறார்கள். எங்கள் கணிப்பில் அது தலைகீழ் வரிசை. ஆர்ச்சஸ் ஓரிரு அடுக்குகளை நெருக்கமாகக் காட்டும், இங்கேதான் அடுக்குகள் முழு வரிசையில் தெரியும்.

சாலை முடியும் கிராண்ட் வியூ பாயின்ட்டில் நின்று, கண்ணை மெதுவாகக் கீழே இறக்குங்கள். காலடியில் கயென்டா. அதற்குக் கீழே விளிம்பிலிருந்து நேரே இறங்கும் சுவர் வின்கேட். சுவரின் அடியில் சரிந்து விரியும் பாவாடை போன்ற பகுதி சின்லியும் மோயன்கோபியும். சுமார் 1,200 அடி கீழே, வெள்ளை விளிம்போடு விரிந்த மேடை ஒயிட் ரிம். நோட்டில் ஒரு பக்கத்தில் இதன் குறுக்குவெட்டை வரையுங்கள். கடினமான அடுக்கு சுவராக நிற்கும், மென்மையான அடுக்கு சரிவாகக் கிடக்கும். சுவர், சரிவு, திண்ணை என்று வரைந்து பெயர் எழுதிவிட்டால் அடுத்த மூன்று நாளும் அந்தப் பக்கம் உங்களுக்கு அகராதியாக உதவும். இதற்கு அரைமணி நேரம் ஒதுக்குங்கள். நிறத்தை வைத்து அடையாளம் காண முயல்வதுதான் இங்கே எல்லாரும் செய்யும் பிழை. மாலையில் எல்லாமே சிவப்பாகத் தெரியும். வடிவத்தை நம்புங்கள்.

அதே பூங்காவில் அப்ஹீவல் டோம் என்ற, சுமார் 5 கி.மீ. அகலமுள்ள பெரும்பள்ளம் இருக்கிறது. அடுக்குகள் கிண்ணம் போல வளைந்து, நடுவில் செங்குத்தாக நிமிர்ந்திருக்கும். அடியிலிருந்து உப்பு பிதுங்கியதா, விண்கல் விழுந்ததா என்று நீண்ட காலம் விவாதம் நடந்தது. 2008இல் அதிர்ச்சி அழுத்தத்தால் உருமாறிய குவார்ட்ஸ் மணிகளை அங்கே கண்டறிந்த பிறகு, விண்கல் பக்கம் தராசு சாய்ந்தது.

திரும்பும் வழியில் டெட் ஹார்ஸ் பாயின்ட் மாநிலப் பூங்காவில் நில்லுங்கள். ஆறு 2,000 அடி கீழே குதிரை லாடம் போல வளைகிறது. இடப்பக்கம் தொலைவில் பளிச்சென்ற நீலத்தில் சில குளங்கள் தெரியும். பாரடாக்ஸ் உப்பைத் தண்ணீரில் கரைத்து மேலே கொண்டுவந்து, பொட்டாஷ் எடுக்க வெயிலில் காயவைக்கும் தொட்டிகள் அவை. சீக்கிரம் ஆவியாகட்டும் என்று தண்ணீரில் நீலச் சாயம் கலக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத அந்த அடி உப்பின் தடயத்தை இங்கே நேரில் காணலாம்.

ஆர்ச்சஸ்: உப்பு செய்த வேலை

உப்பு, பாறையைவிட இலேசானது. மேலே ஆயிரக்கணக்கான அடி பாறையின் பாரம் ஏறும்போது, அழுத்திய மாவு போல மெல்ல நகர்ந்து ஓரிடத்தில் திரண்டு மேலெழும். மேலே இருந்த பாறை அப்பளம் போல வளைந்து, நீளவாக்கில் இணையான விரிசல்கள் விட்டது. பின்னால் நிலத்தடி நீர் உப்பைக் கரைக்க, நடுப்பகுதி உள்ளே இறங்கியது. மோவாப் ஊர் இருக்கும் பள்ளத்தாக்கும், ஆர்ச்சஸின் சால்ட் வேலியும் இப்படி இறங்கியவை.

விரிசல்களை மழையும் பனியும் அகலப்படுத்த, இடையில் மெல்லிய சுவர்கள் மிஞ்சின. மணற்பாறையின் மணிகளை ஒட்டவைத்திருப்பது பெரும்பாலும் கால்சைட் என்ற சுண்ணப் பசை. மழைநீரில் உள்ள இலேசான அமிலம் அதைக் கரைக்கிறது. சுவரின் அடியில், நீர் தேங்கும் மென்மையான அடுக்கில் மணி உதிரும். பள்ளம் குழியாகும். குழி மறுபக்கம் துளைத்தால் வளைவு. 3 அடி திறப்பு இருந்தால்தான் பூங்கா அதை வளைவுக் கணக்கில் சேர்க்கும். அப்படிக் கணக்கிட்டவையே 2,000க்கு மேல்.

பார்க்கும் வரிசை:

பார்வையாளர் மையத்தைத் தாண்டி மேலேறியதும் மோவாப் பிளவுக்கான பார்வையிடம் வரும். பலர் நிற்காமல் போய்விடுகிறார்கள். நில்லுங்கள். நெடுஞ்சாலை 191 ஏறத்தாழ அந்தப் பிளவின் மேலேயே ஓடுகிறது. சாலைக்கு மேற்கே குன்றின் அடியில் 30 கோடி ஆண்டுப் பாறை. கிழக்கே அதே மட்டத்தில், அதைவிடப் பத்துக் கோடி ஆண்டுக்கு மேல் இளைய பாறை. ஒரு பக்கம் 2,500 அடி கீழே இறங்கியதால் வந்த நிலை இது.

அடுத்து 'பெட்ரிஃபைட் டியூன்ஸ்', கல்லாகிப்போன நவஹோ மணல்மேடுகள். பிறகு பேலன்ஸ்டு ராக். மொத்த உயரம் 128 அடி. மேலே உட்கார்ந்திருக்கும் பாறை கெட்டியான என்ட்ராடா மணற்பாறை, அதைத் தாங்கும் கழுத்து சேறு கலந்த மென்மையான அடுக்கு. கழுத்து வேகமாகத் தேய்கிறது, ஒருநாள் விழும். நெருங்கிப் போய் அந்த இரண்டு அடுக்கும் தொடும் கோட்டைப் பாருங்கள். கீழ் அடுக்கு கசங்கிய துணி போல நெளிந்திருக்கும்.

டெலிகேட் ஆர்ச்சுக்குப் போய்வர 3 மைல், 480 அடி ஏற்றம், நிழலே இல்லை. திறப்பு 46 அடி உயரம், 32 அடி அகலம். சூரியன் மறைவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பு ஏறத் தொடங்கி, இறங்க டார்ச் வைத்துக்கொள்ளுங்கள். லேண்ட்ஸ்கேப் ஆர்ச் 306 அடி அகலம். 1991 செப்டம்பரில் அதன் அடியிலிருந்து 60 அடி நீளப் பாளம் ஒன்று பெயர்ந்து விழுந்தது. அதன்பின் அடியில் நடக்கும் பாதையை மூடிவிட்டார்கள். அதே நடைபாதையில் இருந்த வால் ஆர்ச் 2008 ஆகஸ்டில் ஓர் இரவில் முழுவதுமாக இடிந்தது. வேலியைத் தாண்டாதீர்கள் என்று அங்கே சொல்வதற்கு இவைதான் காரணம்.

லென்ஸைப் பிடிக்கும் விதம்

லென்ஸைப் பாறைக்கு அருகில் வைத்துத் தூரத்திலிருந்து எட்டிப் பார்ப்பது தவறு. லென்ஸைக் கண்ணை ஒட்டிப் பிடித்து, முகத்தைப் பாறைக்கு இரண்டரை செ.மீ. தூரம் வரை கொண்டுபோங்கள். வெளிச்சம் பக்கத்திலிருந்து விழட்டும்.

நவஹோ பாறையில் என்ன தெரியும்? ஏறக்குறைய ஒரே அளவுள்ள உருண்டை மணிகள், தேய்த்த கண்ணாடி போல மங்கலாக இருக்கும். காற்றில் மோதி மோதி உருண்டவை அவை. அதே லென்ஸை மாரிசனின் ஆற்றுமணல் பட்டையில் வையுங்கள். பெரியதும் சிறியதும் கூரியதும் மழுங்கியதுமாகக் கலந்திருக்கும், நடுவே கூழாங்கல்லும் கிடக்கும். காற்று சலித்த மணலுக்கும் ஆறு கொட்டிய மணலுக்கும் உள்ள வித்தியாசம் இது. ஒருமுறை பார்த்துவிட்டால் மறக்காது.

லென்ஸை எடுத்துவிட்டுப் பத்தடி பின்னால் வாருங்கள். பாறையில் சாய்வான கோடுகள் கட்டுக்கட்டாகத் தெரியும். மணல்மேட்டின் காற்று மறைந்த பக்கத்தில் மணல் சரிந்து விழுந்த வரிகள் அவை. உலர்ந்த மணல் சுமார் 34 டிகிரிக்கு மேல் நிற்காது, சரிந்துவிடும். வரிகள் எந்தப் பக்கம் கீழே சாய்கின்றனவோ, அந்தப் பக்கம்தான் அன்று காற்று வீசியது. நாலைந்து இடங்களில் திசைகாட்டியால் அளந்து நோட்டில் குறியுங்கள். நவஹோவில் பெரும்பாலும் தெற்கையும் தென்கிழக்கையும் நோக்கியே வரும்.

தடத்தை வாசிப்பது

நேரம்தான் எல்லாம். சூரியன் எழுந்து இரண்டு மணி நேரம், விழுவதற்கு முன் இரண்டு மணி நேரம். அந்தச் சாய்வெயிலில் அரை அங்குலப் பள்ளம்கூட நிழல் பிடித்து எழுந்து நிற்கும். நண்பகலில் அதே இடத்தில் ஒன்றும் தெரியாது. வேறு வழியில்லாமல் மதியம் போனால், துணையாக வந்தவரை நிழலுக்கு நிற்கச் சொல்லி, டார்ச்சைத் தரையோடு ஒட்டிப் பிடித்துப் பக்கவாட்டில் அடியுங்கள். தடத்தில் தண்ணீர் ஊற்றவோ சாக்பீஸால் கோடு போடவோ கூடாது.

ஒற்றைப் பள்ளத்தை நம்பாதீர்கள். மழை அரித்த குழியும் மூன்று விரல் போலத் தெரியும். இடம், வலம், இடம் என்று ஒரே இடைவெளியில் மூன்று தடமாவது வரிசையில் வர வேண்டும். அதன் பிறகு வடிவத்தைப் பாருங்கள்.

மூன்று விரல்கள் ஒல்லியாகவும் நீளமாகவும், நுனியில் நகக் கூர்மையோடும் இருந்து, தடத்தின் நீளம் அகலத்தைவிட அதிகம் என்றால் அது தெரோபாட், இறைச்சி தின்னி. மூன்று விரல்கள் தடித்து, நுனி மழுங்கி, குதிகால் உருண்டு, நீளமும் அகலமும் ஏறத்தாழச் சமமாக இருந்தால் ஆர்னிதோபாட், தாவர உண்ணி. பெரிய வட்டப் பள்ளமும் அதற்கு முன்னால் பிறை போன்ற சிறு பள்ளமும் இருந்தால் சாரோபாட், நீண்ட கழுத்துக்காரர். பிறை முன்கால், வட்டம் பின்கால். இரண்டு விரல் மட்டும் பதிந்திருந்தால் அது மிகவும் அரிய ஒன்று: கொக்கி நகம் தரையில் படாமல் தூக்கி நடந்த ராப்டர் வகை.

சில தடங்களில் விரல் எல்லை மங்கலாக இருக்கும். விலங்கு மிதித்தது மேல் அடுக்கில். அதன் எடை கீழ் அடுக்குகளையும் அமுக்கியது. மேலடுக்கு அரித்துப்போய் நாம் காண்பது அந்தக் கீழ்ப்பதிவு. அதனால்தான் தடத்தின் அளவை வைத்து விலங்கின் பெயரைச் சொல்லத் துணியக்கூடாது.

ஆனால் நடையைக் கணக்கிடலாம். தடத்தின் நீளத்தை நான்கால் பெருக்கினால் இடுப்பு உயரம் தோராயமாகக் கிடைக்கும். பிறகு நடைநீளம், அதாவது வலது காலிலிருந்து அடுத்த வலது கால் வரை. வலதுக்கும் இடதுக்கும் இடையே அளந்துவிட்டால் விடை பாதிக்கும் கீழே போய்விடும், அடிக்கடி நடக்கும் பிழை இது. பிரிட்டிஷ் விலங்கியலாளர் மெக்நீல் அலெக்சாண்டர் 1976இல் தந்த சூத்திரம்: வேகம் = 0.25 × புவியீர்ப்பு முடுக்கத்தின் வர்க்கமூலம் × நடைநீளத்தின் 1.67 அடுக்கு ÷ இடுப்பு உயரத்தின் 1.17 அடுக்கு. தடம் 30 செ.மீ. என்றால் இடுப்பு 1.2 மீட்டர். நடைநீளம் 1.8 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், விநாடிக்கு ஏறத்தாழ 1.7 மீட்டர், மணிக்கு 6 கி.மீ. மனிதர் விரைவாக நடக்கும் வேகம். நடைநீளம் இடுப்பு உயரத்தைப் போல் இரண்டு மடங்குக்குக் குறைவாக இருப்பதால், அது ஓடவில்லை, நடந்தது.

படம் எடுக்கும்போது அளவுகோலைத் தடத்துக்குள் வைக்காமல் பக்கத்தில் வையுங்கள். கணினியில் முப்பரிமாண உருவாக்க வேண்டுமானால், ஃபிளாஷ் இல்லாமல், ஒவ்வொரு படமும் முந்தியதில் மூன்றில் இரண்டு பங்கை மூடும்படி, சுற்றிவந்து 40 படமாவது எடுங்கள்.

தடங்கள் இருக்கும் இடங்கள்

*பாய்சன் ஸ்பைடர்.* நெடுஞ்சாலை 191இலிருந்து பொட்டாஷ் சாலையில் சுமார் 6 மைல். மேலிருந்து உருண்டு விழுந்த பாளங்களில் மூன்று விரல் தெரோபாட் தடங்கள், சுமார் 19 கோடி ஆண்டு. சாலையோரத்தில் பொருத்தியிருக்கும் பார்வைக் குழாய் வழியாகவே பார்க்கலாம், குழந்தைகளுக்கு நல்ல தொடக்கம்.

*மில் கேன்யன் தடப்பரப்பு.* மோவாபுக்கு வடக்கே சுமார் 15 மைல். 2009இல் கண்டறியப்பட்டது. சீடார் மவுன்டன் அடுக்கு, ஏறத்தாழ 11 கோடி ஆண்டு. ஒரே பாறைப் பரப்பில் 200க்கும் மேற்பட்ட தடங்கள், பத்து வகை விலங்குகளுடையவை. தெரோபாட், சாரோபாட், ஆர்னிதோபாட், இரண்டு விரல் ராப்டர் எல்லாம் உண்டு, முதலை வழுக்கிச் சென்ற தடமும் உண்டு. ஒருநாள் மட்டும் இருந்தால் இந்த ஓர் இடத்துக்குப் போங்கள். குறித்துள்ள நடைபாதையை விட்டு இறங்காதீர்கள். 2022 ஜனவரியில் அந்தப் பாதையைப் புதுப்பிக்கும் வேலையின்போதே வண்டி ஏறிச் சில தடங்கள் சிதைந்தன. பதினோரு கோடி ஆண்டு தாங்கிய விளிம்பு அது, ஒரு சக்கரத்துக்குத் தாங்கவில்லை.

*காப்பர் ரிட்ஜ்.* வடக்கே சுமார் 23 மைல், மாரிசன் அடுக்கு, 15 கோடி ஆண்டு. யூட்டாவில் முதன்முதலாகப் பதிவான சாரோபாட் தடம், 1989. வாளி அகலத்துக்குப் பள்ளங்கள் ஒரே வரிசையில் வந்துகொண்டிருக்கும், பிறகு வரிசை வலப்பக்கம் வளையும். சாரோபாட் திரும்பிய தடம் உலகிலேயே அரிது. திரும்பும் இடத்தில் நின்று, ஒவ்வொரு பள்ளத்தின் திசையையும் கையால் காற்றில் வரைந்து பாருங்கள், பெரும் உடல் ஒன்று மெல்லத் திரும்புவது மனக்கண்ணில் ஓடும். அதே பரப்பில் ஒரு தெரோபாடின் தடமும் இருக்கிறது. ஒரு காலடி வைப்பு நீளம், அடுத்தது குட்டை. அது நொண்டி நடந்திருக்கிறது.

மில் கேன்யனுக்கும் காப்பர் ரிட்ஜுக்கும் கடைசிப் பகுதி மண்சாலை. இங்கே களிமண்ணில் எரிமலைச் சாம்பலிலிருந்து வந்த பென்டோனைட் கலந்திருக்கிறது. ஈரம் பட்டால் உப்பி, சோப்பு போல வழுக்கி, டயரில் பசையாக ஒட்டும். நான்கு சக்கரங்களையும் எஞ்சின் இயக்கும் வண்டியும் நகராது. மழை பெய்தால் ஒருநாள் முழுக்க வெயிலில் காயவிட்டுப் போங்கள்.

எலும்புகள்

தடப்பரப்புக்கு அருகிலேயே மில் கேன்யன் டைனோசர் பாதை என்ற சிறு நடைபாதை உண்டு. மாரிசன் பாறையில் எலும்புகள் பதிந்தபடியே இருக்கின்றன. பாறையைவிட அடர்ந்த நிறம், குறுக்குவெட்டில் தேன்கூடு போன்ற துளைகள். அதுதான் எலும்பின் அடையாளம். கல்மரத்தில் வளையங்களோ நார்களோ இருக்கும். உருண்டையான இரும்புக் கட்டிகளை முட்டை என்று எண்ணுவோர் நிறைய. நாக்கில் ஒட்டினால் எலும்பு என்றொரு பழைய சோதனை உண்டு, இங்கே செய்ய வேண்டாம். மாரிசன் எலும்புகள் நிலத்தடி நீரிலிருந்து யுரேனியத்தை உறிஞ்சி வைத்திருப்பவை.

இதே வட்டாரத்தின் சீடார் மவுன்டன் பாறையிலிருந்துதான் யூட்டாராப்டர் வெளிவந்தது. 1993இல் பெயரிடப்பட்டது, ஏறத்தாழ 6 மீட்டர் நீளம். இப்போது அது மாநிலத்தின் அதிகாரபூர்வ டைனோசர். டால்டன் வெல்ஸ் எலும்புக்குழி இருக்கும் இடத்தை, யூட்டாராப்டர் மாநிலப் பூங்காவாக 2021இல் சட்டம் இயற்றி அறிவித்தார்கள்.

கூடுதலாக ஒரு நாள் கிடைத்தால் இரண்டு தேர்வுகள். கிளீவ்லேண்ட்-லாயிட் குழியில் 12,000க்கும் மேற்பட்ட எலும்புகள் கிடைத்தன, 70க்கும் அதிகமான விலங்குகளுடையவை. அவற்றில் குறைந்தது 46, அலோசாரஸ் என்ற இறைச்சி தின்னிகள். தின்னப்படும் விலங்கைவிடத் தின்னும் விலங்கு பலமடங்கு அதிகமாக ஏன் அங்கே செத்தது என்பது இன்னும் தீராத புதிர். குளிர்காலத்தில் மூடியிருக்கும். ஜென்சன் அருகே டைனோசர் தேசிய நினைவிடத்தில், எர்ல் டக்ளஸ் 1909இல் கண்ட பாறைச் சுவரில் சுமார் 1,500 எலும்புகள் எடுக்கப்படாமல் அப்படியே இருக்கின்றன, சிலவற்றைத் தொட்டும் பார்க்கலாம். அந்தச் சுவரை மூடிய கட்டடமே 2006இல் மூடப்பட்டு 2011இல்தான் மீண்டும் திறந்தது. அடியில் உப்பிச் சுருங்கும் களிமண் அஸ்திவாரத்தை முறுக்கிவிட்டது. சாலையில் டயரைப் பிடிக்கிற அதே வகைக் களிமண்தான். எங்கள் பரிந்துரை நினைவிடம், தூரம் அதிகம் என்றாலும்.

எதை எடுக்கலாம், எதைக் கூடாது

தேசியப் பூங்காக்களில் ஒரு கூழாங்கல்கூட எடுக்கக்கூடாது. மற்ற கூட்டரசு நிலங்களில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி, முதுகெலும்புள்ள உயிர்களின் எலும்பும் பல்லும் தடமும் அனுமதியில்லாமல் எடுக்கக்கூடாதவை. பிளாஸ்டரோ சிலிக்கானோ ஊற்றி அச்சு எடுப்பதும் கூடாது, விளிம்பைப் பெயர்த்துவிடும். அந்தப் பொது நிலங்களில் கல்மரத்தைச் சொந்த உபயோகத்துக்கு நாளொன்றுக்கு 25 பவுண்டும் கூடுதலாக ஒரு துண்டும், ஆண்டுக்கு 250 பவுண்டு வரையும் எடுக்கலாம், தடை அறிவிப்பு இல்லாத இடத்தில் மட்டும்.

நடக்கும்போது மணல்மேல் கறுப்பாக, கரடுமுரடாக, சின்னக் கோட்டைகள் போல நிற்கும் மண்ணைக் கவனியுங்கள். பாசியும் பாக்டீரியாவும் பூஞ்சையும் சேர்ந்து கட்டிய உயிருள்ள தோல் அது. மணலைப் பிடித்துவைப்பதும், ஈரத்தைக் காப்பதும் அதுதான். ஒரு மிதியில் நொறுங்கிவிடும், தேற பல பத்தாண்டுகள் ஆகும். பாறைமேல் நடங்கள், அல்லது நீர் ஓடிய மணல் தடத்தில் நடங்கள்.

பதிவாகாத எலும்போ தடமோ கண்ணில் பட்டால், தோண்டாதீர்கள், தூசி தட்டாதீர்கள். அளவுகோலோடு ஒரு நெருக்கப் படம், பின்னணி மலை தெரியும்படி ஒரு தூரப் படம், கைப்பேசியில் ஜிபிஎஸ் குறிப்பு. மூன்றையும் மோவாபில் உள்ள பொது நில மேலாண்மை அலுவலகத்தில் கொடுங்கள். சமூக ஊடகத்தில் படம் போடும் ஆசை வந்தால், படத்திலுள்ள இடக்குறிப்பை நீக்கிவிட்டு, அதுவும் ஆய்வாளர்கள் வந்து பார்த்த பிறகே போடுங்கள்.